எடையில்லாத அறிவிப்பு

இந்தக் காலத்தில் யாரைப் பார்த்தாலும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள். கேட்டவுடன் புரிகிற மாதிரிப் பேசுகிறவனை நான் நம்புவதில்லை. முன்பெல்லாம் எங்கள் ஊர் அணை அலுவலகத்துக் காகிதங்களுக்கு அவற்றில் இருக்கும் சொற்களின் எடை இருந்தது. ‘மேற்கண்ட பொருள் தொடர்பாக’ என்று தொடங்கினாலே ஒரு செங்கல் கனம். வாய்க்கால் வரி உத்தரவை நாலு பேர் சுமந்து வந்தார்கள். எவருக்கும் ஒரு வரிகூட விளங்காது, ஆனாலும் கீழ்ப்படிந்தோம். முப்பது வருஷம் இப்படியே ஓடியது.

பிறகு ஒரு பெண் எழுத்தர் மாற்றலாகி வந்தாள். அவள் எழுதினாள்: “வெள்ளிக்கிழமை காலை அணையைத் திறக்கிறோம். ஆற்றங்கரைத் தெருவுக்குள் தண்ணீர் வரும். வியாழக்கிழமைக்குள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள்.” அந்தக் காகிதங்களுக்கு எடையே இல்லை. ஜன்னல் வழியாகப் புறப்பட்டு, வாசலுக்கு ஒன்றாகப் போய், கண்ணுக்கு நேரே அந்தரத்தில் நின்றன. என் அண்ணன் அந்தத் தெருவில் பஞ்சர் ஒட்டுகிறவர். நாங்கள் இருவரும் இரண்டாம் வகுப்போடு நின்றவர்கள். எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்துவிட்டோம். அதுதான் உறுத்தியது.

“புரியுதுடா, அதான் சந்தேகமா இருக்கு. ஆபீஸ் காகிதம் நமக்கு எப்படிடா புரியும்? கிளப்பிவிட்டுட்டு இடத்தை வளைக்கப் பாக்கிறாங்க,” என்றார் அண்ணன். மூட்டை கட்டிக்கொண்டிருந்த அண்ணி, “உங்க ரெண்டு பேருக்கும் புரியிற மாதிரி எழுதினதுதான் அந்தப் பொண்ணு செஞ்ச தப்பு,” என்றாள். ஆனால் அவரை விட்டுப் போகமாட்டேன் என்று மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். தெருவே அப்படித்தான் உட்கார்ந்திருந்தது.

வியாழன் மதியம் எழுத்தர் நேரில் வந்தாள். “ஐயா, தண்ணி வரும். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா? மீதியை ஏன் மறைக்கிறீங்க?” என்று நான்தான் கேட்டேன்.

அவள் அண்ணியைப் பார்த்தாள். பிறகு காகிதத்தை எட்டிப் பிடித்து அடியில் எழுதினாள்: “மேற்படி அறிவிக்கையின்பாற்பட்ட பொருண்மைகள் அனைத்தும் இதன்வழி உறுதிசெய்யப்படலாகின்றன.” காகிதம் தடாலென்று விழுந்தது, வாசற்படி இரண்டாகப் பிளந்தது. ஒரு சொல்கூட விளங்கவில்லை. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “டேய், இது நிஜ உத்தரவுடா!” என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு அண்ணியோடு ஓடினார். சத்தம் கேட்டு மொத்தத் தெருவும் பின்னால் ஓடியது.

வெள்ளிக்கிழமை ஆறு வந்து தெருவை எடுத்துக்கொண்டு போனது. அந்தக் காகிதம் மட்டும் நகரவில்லை. இன்றும் அங்கேதான் கிடக்கிறது, அதன்மேல் துணி துவைக்கிறார்கள்.

போன வாரம் என் மூக்குக்கு நேரே ஒரு காகிதம் வந்து நின்றது: “புதுக்கரை கட்டியாகிவிட்டது. உங்கள் அண்ணன் பழைய இடத்திலேயே வீடு கட்டிக்கொள்ளலாம்.” எல்லாம் புரிந்தது. பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. “போ, வேற ஆளைப் பாரு,” என்று நடையைக் கட்டினேன். தெருமுனை வரை அது கூடவே மிதந்து வந்தது. நான் திரும்பவில்லை.