முதல் கையெழுத்து

சுகுமாரன் மேசைமேல் வைத்த நகலில் முதல் கையெழுத்து செல்லையாவுடையது. அடியில் இரட்டைக் கோடு. முப்பத்தெட்டு வருஷம் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவரின் கோடு அது. வேறு யாருக்கும் அவ்வளவு நேராக வராது.

“ஒங்க சைன்தானே, பெரியப்பா?”

“என்னோடதுதான்.”

“முன்பக்கத்தப் படிங்க.”

மலாய் மொழியில் இருந்தது. அமைச்சருக்கு எழுதிய மனு. பழைய ஜீப்பு வண்டிகளால் மலைச்சாலையில் உயிருக்கு ஆபத்து. பதினைந்து வருஷம் தாண்டியவற்றைத் தடைசெய்து, புது வண்டி வாங்க அரசாங்கம் கடன் ஏற்பாடு செய்ய வேண்டும். இப்படிக்கு, தோட்டத்து மக்கள். பின்னால் இருநூற்றுச் சொச்சம் பேர், அடையாள அட்டை எண்களோடு. புது வண்டி விற்கும் கம்பெனியின் பெயர் எங்குமே இல்லை.

பெயர்களின் வரிசையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. தீபாவளிக்கு முந்தின வாரம் கோயில் மண்டபத்தில் இலவசப் பரிசுக்கூடை, ஹம்பர், வாங்க நின்ற அதே வரிசை. அந்தக் கம்பெனியிலிருந்து ஹம்பர்களோடு வந்த சச்சின் என்ற இளைஞன் அவருக்குச் சால்வை போர்த்தி, “வந்தவங்க பேரு எழுதிக்கிறோம், அவ்வளவுதான் ஐயா. கோயில் தலைவர் நீங்க, ஒங்க கைதான் மொதல்ல படணும்” என்றான். தாளில் கட்டங்கள் மட்டும் இருந்தன, தலைப்பு இல்லை. தலைப்பில்லாத தாளில் கையெழுத்துப் போடாதே என்று எத்தனை தொழிலாளிகளை அதட்டியிருக்கிறார். அன்று தோளில் சால்வை இருந்தது. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. போட்டுவிட்டார்.

“அஞ்சு பாக்கெட் பிஸ்கட்டுக்கு என் லேண்ட்ரோவர தூக்கிக் குடுத்துட்டீங்களே லா” என்றான் சுகுமாரன். பதினைந்து வருஷம் எப்போதோ தாண்டிய அந்த வண்டியில்தான் மலைச்சரிவிலிருந்து ரிங்லெட் டவுனுக்குக் காய்கறி இறக்கிப் பிழைக்கிறான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிரிக்காமல் சொல்லியிருந்தால் செல்லையா தாங்கியிருப்பார்.

நகலில் அவர் பெயரோடு, இன்னார் மகன் என்று அப்பாவின் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருந்தது. துரை நீட்டிய தாளில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லி வேலையை இழந்தவர் அப்பா. எழுத்துத் தெரியாதவர்.

மறுநாள் மருமகள் குணவதியிடம் ஹம்பரைக் கேட்டார்.

“கூடைதான் மாமா இருக்கு. பிள்ளைங்க அன்னிக்கே முடிச்சிருச்சுங்க.”

அந்தக் கூடையோடு பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் ஒவ்வொன்றாக வாங்கினார். அதே பிஸ்கட், அதே மைலோ டின், அதே சிவப்புச் சர்பத். கண்ணாடித் தாள் சுற்றி, ரிப்பனும் கட்டச் சொன்னார்.

வியாழக்கிழமை மாவட்ட அலுவலகத்தில் மனு பற்றிய கூட்டம். சுகுமாரனின் வண்டியில், கூடையை மடியில் வைத்தபடி போய் இறங்கினார். உள்ளே அதிகாரி ஷரீஃபாவுக்குப் பக்கத்து நாற்காலியில் சச்சின் உட்கார்ந்திருந்தான். மனு கொடுத்த மக்கள் நிற்க, அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

செல்லையா கூடையை அவன் முன்னால் வைத்தார்.

“ஐயா, இதெல்லாம் திருப்பித் தர வேணாம். அது கிஃப்ட்.”

“கிஃப்ட்டுக்கு எதுக்குடா ஐசி நம்பர் வாங்குன?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். சச்சின் ரிப்பனைப் பார்த்தான்.

தன் பெயரை அடிக்க வேண்டும் என்று அதிகாரியிடம் மலாயில் சொன்னார். அந்தம்மாள் தணிந்த குரலில் பேசினாள். மனு புத்ராஜெயாவுக்கு, அமைச்சரின் அலுவலகத்துக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் முடிவு. இன்றைய கூட்டம் ஒரு நடைமுறைக்காகத்தான். “கம்பெனிக்காரர்கள் அமைச்சரைப் பார்த்துப் பேசி மூன்று மாதமாகிறது, பக்சிக்” என்றாள், பெரியவரை அழைக்கும் மரியாதையோடு.

“அவங்க பேசுனது மூணு மாசம் முந்தி. எங்கள கேக்கறது இன்னிக்கா?”

அவள் அவர் முன் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினாள். எழுதிக் கொடுத்தால் அனுப்பி வைப்பதாகவும், அதற்குமேல் தன் கையில் இல்லை என்றும் சொன்னாள். சச்சின் பேனா நீட்டினான்.

செல்லையா சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். முதலில் தலைப்பு. அதன் கீழே இரட்டைக் கோடு. பிறகு நின்றபடியே பக்கம் முழுக்க எழுதினார். ஏமாற்றியவன் பெயரையும் எழுதினார், படிக்காமல் போட்டது தன் குற்றம் என்றும் எழுதினார்.

உடனே கையெழுத்துப் போடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பி, முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். சுவரோரம் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். மூடி திறந்த பேனா அவர் விரல்களுக்கிடையில் இருந்தது.