தட்டின் அடியில் ஒரு கணக்கு

மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன அண்ணன் கொளஞ்சியிடமிருந்து மூன்று நாளாகச் சேதி இல்லை. அந்தக் கவலையிலேயே மகேஸ்வரி பத்தாவது மறுதேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தான் வேலைபார்க்கும் விருத்தாசலம் பீங்கான் பட்டறையில், வேகாத தட்டின் அடியில் தன் அடையாளக் குறியைக் கீற வேண்டிய இடத்தில், ஊசியால் கணக்கையே போட்டுப் பார்த்தாள்.

2x + 7 = 19
2x = 26
x = 13

தட்டைச் சூளையில் வைத்துக் கதவை அவளே பூட்டினாள்.

மறுநாள் வெந்த தட்டைத் திருப்பினாள். கணக்கு மாறியிருந்தது.

2x + 7 = 19
2x = 19 − 7
2x = 12
x = 6

ஏழின் நடுவே ஒரு குறுக்குக்கோடு. அவள் அப்படி எழுதுவதில்லை. அண்ணன்தான் எழுதுவான்.

"என்னாடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் கூட வேலைபார்க்கும் ராணி.

"சூள எரியறப்ப உள்ள கைய வுட்டு எழுத முடியுமாக்கா?"

"எழுதேன். வெரலு வெந்துபோவும்."

அப்போது போன் அதிர்ந்தது. அண்ணன் அனுப்பிய சேதி. மகேஸ்வரிக்கு மூச்சு வந்தது.

"பாப்பா, மூணு நாளா நல்ல காய்ச்சல். இப்பதான் எழுந்தேன். பேசித்தான் டைப் பண்றேன். ஆள்காட்டி வெரலு வெந்து கெடக்குது, எப்பிடின்னே தெரியல. அந்த ஏழக் கூட்டாத, கழிக்கணும்."