எடுத்துக் கொடுத்த வசனம்

அவள் பஞ்சை நனைத்துப் புருஷனின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது, "கோட்டைச் சாவி என் இடுப்பில் கனக்கிறது..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நின்றான்.

"கழற்றி எறிந்தால் கை கனக்கும்," என்று அடுத்ததை எடுத்துக் கொடுத்தாள்.

"கை கனக்கும்," என்று சொல்லிவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

காலையிலிருந்து இதே கூத்துதான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இனிமே ஊசியெல்லாம் வேண்டாம், பக்கத்துலயே இருங்க," என்று சொல்லிப் போயிருந்தார். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் வேலை அதுதான். நாடகக் குழுவில் பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மேடையில் தடுமாறுகிறவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவள். திரைக்கிளி என்று பட்டப்பெயர்கூட வைத்திருந்தார்கள். அவன் எங்கே மூச்சு விடுவான், எங்கே மறப்பான் என்பதெல்லாம் அவனைவிட அவளுக்குத்தான் அத்துப்படி. அவன் வாய் நின்றால் அவள் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

அவன் புலம்பிக்கொண்டிருந்தது கடல் கடந்து வந்த ஒரு பழைய சோக நாடகம். கோட்டைத் தளபதியின் தம்பியிடம் பழ வியாபாரி வேஷத்தில் சாத்தான் வருவான். கதவைத் திறந்துவிடு, நகரமே உனக்கு என்பான். தம்பி திறப்பான், அண்ணன் சாவான். கடைசிக் காட்சியில் நரகத்தின் வாசலில் அண்ணனின் ஆவி வந்து நிற்கும். வருந்தி ஒரே ஒரு சொல் சொன்னால் தம்பி தப்பிக்கலாம். சொல்ல மாட்டான். "அண்ணா, உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. வழி விடு, நானே இறங்கிக்கொள்கிறேன்," என்பான். கைதட்டலில் கொட்டகையே அதிரும். அந்த ஒரு வேஷத்தில்தான் இந்தக் குடும்பம் ஓடியது.

அந்த வேஷம் முதலில் இவனுடையது இல்லை, கூடப் பிறந்த அண்ணனுடையது. அவரும் அதே குழுவில்தான் இருந்தார். இவனைவிட நல்ல நடிகர், அதை இவனே சொல்வான். அரங்கேற்றம் நெருங்கியபோது ஒருநாள் குழு முதலாளி டீயை ஆற்றிக்கொண்டே இவனிடம் கேட்டார்: "உங்கண்ணன் குடிக்கிறானாமே, நெசமா? அப்படின்னா வேஷத்தை உனக்குத்தான் குடுக்கணும்." அண்ணன் சொட்டுக்கூடத் தொடாதவர். இவன் பதில் சொல்லாமல் நின்றான். அவள் பக்கத்திலேயே இருந்தாள், மடியில் நாடகப் பிரதியோடு. 'இல்லைங்க' என்று ஒரே ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவளுக்கும் ஆசை இருந்தது.

"ஆமாங்க," என்றான் இவன்.

அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போய்விட்டார். அதோடு இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

படுக்கையில் விழுந்ததிலிருந்து அவன் கேட்டது ஒன்றுதான். "அண்ணனை வரச் சொல்லேன். மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேன். இல்லாட்டி எனக்கு நரகம்தான்." "சும்மா இருங்க, நாடகத்துப் பேச்செல்லாம் வீட்ல பேசிக்கிட்டு," என்று அதட்டினாளே தவிர, அவளுக்கும் உள்ளூரப் பயம்தான். அவன் போகிற இடத்துக்குத் தானும்தானே போகவேண்டும்? மகள் பெரியப்பா வீட்டுக்கு நடையாய் நடந்தாள்.

மத்தியானம் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அண்ணன்தான். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். நீலச் சட்டையெல்லாம் கிரீஸ், தோளில் ஸ்பானர் பை.

"வாங்க அத்தான்," என்றாள்.

"லிஃப்ட்ல ஒரு ஆளு மாட்டிக்கிச்சு, அதான் லேட்டு," என்றார், நேற்றும் வந்துபோனவர் மாதிரி. கட்டிலின் கால்மாட்டில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"டேய், நான்தான்டா."

அவன் கண் திறந்தது. ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. மகள் ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தினாள், அப்பா பேசுவது பெரியப்பாவுக்குக் கேட்கட்டும் என்று.

"அண்ணா... உன்கிட்ட..."

நின்றுவிட்டான். மூச்சைத் தேடிக்கொண்டிருந்தான். அண்ணன் பையோடு முன்னால் குனிந்தார்.

"கேட்க எனக்கு ஒன்றுமில்லை," என்று எடுத்துக் கொடுத்தாள் அவள்.

யோசிக்கவேயில்லை, பாவி. எதிரே அண்ணன், அவன் வாயில் அண்ணா என்ற சொல், நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. வாய் முந்திக்கொண்டது. பல்லைக் கடிப்பதற்குள் சொல் போய்விட்டது.

அவன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். இருட்டிலிருந்து அந்தக் குரல் வந்ததும் பிடித்துக்கொண்டே வாழ்ந்தவன். இப்போது மட்டும் பழக்கம் விட்டுவிடுமா?

"கேட்க... எனக்கு ஒன்றுமில்லை," என்றான், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. அப்புறம் மூச்சு வரவில்லை.

"அப்பா!" என்று மகள் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

அண்ணன் எழுந்து வந்து தம்பியின் கண்களை மூடிவிட்டார்.

"குரல் மட்டும் கெடவேயில்ல இவனுக்கு," என்றார்.

"ஐயோ அத்தான், அது அவரு சொன்னது இல்ல! நான்தான் எடுத்துக் குடுத்துட்டேன், என் நாக்குல சனி! உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னுதான் அவரு உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு இருந்தாரு. சத்தியமா அத்தான்!"

"விடும்மா," என்றார் அவர். "அவன் கேக்காத மன்னிப்பையும் நீயே எடுத்துக் குடுக்கிற. உனக்கு அதுதானே தொழிலு." கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். அலுத்துப்போன குரலில் சொன்னார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "தூக்கறதுக்கு ஆள் வேணும்னா சொல்லி அனுப்புங்க," என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பூட்ஸ் சத்தம் தெருவில் கலக்கிறவரை அவள் அசையவில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாடி கட்ட பழைய வேட்டியைக் கிழிக்க உள்ளே போனாள். இவள் எழுந்து தலைமாட்டில் போய், வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். அவன் வாய் பாதி திறந்திருந்தது. காதோரம் குனிந்தாள்.

"என்னை மன்னிச்சிடுண்ணா," என்றாள், மெல்ல, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

மகள் துணியோடு வந்து நின்றாள். "அம்மா, வாய் விறைச்சிடும்மா. கட்டிடலாமா?"

"கொஞ்சம் இரு," என்றாள்.