நாலணாத் தொய்வு

திருப்புட்குழிக்கு அரை மைல் இருக்கும்போது குமாரவேலுவின் மோட்டார் சைக்கிள் ஊளையிட ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரைத் திருகத் திருகச் சத்தம்தான் ஏறியது, வேகம் ஏறவில்லை. வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று அவனைத் தாண்டிப் போயிற்று. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தார்.

மணி எட்டே முக்கால். பின்னால் கேரியரில், வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டிய கூறைப் புடவை. வாலாஜாபேட்டையில் அவன் தங்கை தையல்நாயகிக்கு இன்றைக்குக் கல்யாணம். பத்தரைக்குள் தாலி ஏறியாக வேண்டும். கூறை போய்ச் சேராமல் பெண் எதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காருவாள்?

கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பாடுதான். ஆனால் சம்பந்தியம்மாள் மணியம்மாள், "நீங்களே நெய்யறவங்க, உங்க தறியிலயே ஓட்டிடுங்க" என்று பட்டையும் சரிகையையும் கையில் கொடுத்துவிட்டாள். கொடுத்தவள் சும்மா போகாமல், "நேரத்துக்கு வரணும், ஆமாம்" என்று விரலையும் ஆட்டிவிட்டுப் போனாள். போன தை மாதம் இவர்கள் தெருவிலேயே ஒரு கல்யாணம் முகூர்த்தம் தவறி, மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஏறிப் போன கதை உண்டு. அந்தப் பெண் இன்னும் வீட்டோடுதான் இருக்கிறாள்.

புடவை முந்தாநாளே முடிந்திருக்க வேண்டியது. முந்தானையில் ஓர் இழை தொய்ந்திருப்பதாகக் குமாரவேலுவின் கண்ணுக்குப் பட்டுவிட்டது. ஊரில் வேறொருவர் கண்ணுக்கும் படாது. நாலு விரற்கடை பிரித்து மறுபடி நெய்தான். வீட்டார் எல்லோரும் நேற்றே பஸ்ஸில் கிளம்பிப் போக, இவன் மட்டும் தங்கி, இன்று காலை ஏழு மணிக்குத்தான் தறியிலிருந்து அறுத்தான்.

அப்படி ஒரு பிறவி. தொய்வு என்றால் அவனுக்கு உடம்பெல்லாம் எரியும். தறியில் பாவு நூல் தளர்ந்தால் பட்டு கெட்டது என்று பத்து வயதிலிருந்து பழகிய கை. அவன் வீட்டில் துணி காயப்போடும் கொடிகூட விறைத்துக்கொண்டு நிற்கும். பொங்கலுக்குக் கட்டிய மாவிலைத் தோரணத்தை இழுத்து இழுத்துக் கட்டியதில் இலை பாதி உதிர்ந்துபோய், மனைவி அலமு மூன்று நாள் பேசவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் மெக்கானிக் ஆதிகேசவனின் கீற்றுக் கொட்டகை. விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பம்புசெட்டு ரிப்பேரில் தொடங்கி, மோட்டார் சைக்கிள்வரைக்கும் வந்தவன். தள்ளிக்கொண்டு வந்த குமாரவேலுவைப் பார்த்ததுமே அவன் முகம் சுருங்கியது.

"மறுபடியுமா முதலியாரே?"

"வழுக்குது நாயக்கரே. சத்தம் போடுதே தவிர இழுக்க மாட்டேங்குது. பத்தரைக்கு என் தங்கச்சிக்கு முகூர்த்தம். கூறை என்கிட்ட இருக்குது."

"ரெண்டு வாட்டி சரி பண்ணிக் குடுத்தேனே."

"குடுத்தீங்க. பத்து நாள்ல அதே கதை. உங்க வேலையிலதான் என்னமோ கோளாறு இருக்குது."

ஆதிகேசவன் வண்டிப் பக்கம் குனிந்தான். வண்டியை கியரில் போட்டு, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உதைத்தான். முட்டுக் கொடுக்க வேண்டிய கிக்கர் வழவழவென்று கீழே இறங்கியது. பிறகு இடது கைப்பிடியிலிருந்த கிளட்ச் லிவரை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தான். அது ஆடவில்லை.

"நாலணாக் காசு நுழையற அளவு ஆட்டம் விட்டுத்தானே அனுப்பிச்சேன்? யாரு தொட்டது?"

"யாரு தொடுவாங்க? வண்டி என்கிட்டயேதான் இருக்குது."

அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினான்.

கேபிளைத் தளர்த்திவிட்டு மறுபடி உதைத்துப் பார்த்தான் ஆதிகேசவன். அப்போதும் வழுக்கியது. கிளட்ச் பிளேட்டுகள் சூட்டில் காய்ந்துவிட்டன, பிரித்தே ஆக வேண்டும் என்றான். குமாரவேலு சாலையின் இரு பக்கமும் பார்த்தான். பஸ்ஸில் போகலாமென்றால் அடுத்த பஸ் பத்து மணிக்கு. அது வாலாஜா போய்ச் சேரும்போது தாலி கட்டும் நேரமெல்லாம் தாண்டிப் போயிருக்கும்.

"பிரிங்க. சீக்கிரம் பிரிங்க."

"நெருப்பா கொதிக்குதுபா. பெட்ரோலைக் காட்டினா நானும் நீயும் சேர்ந்து எரிவோம். ஆறட்டும்."

கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் குமாரவேலு இருபது தடவை கடிகாரம் பார்த்தான். தங்கை மணவறைக்குப் பக்கத்து அறையில் பழைய சேலையோடு உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டதே இவன்தான். அதையும் இழுத்துப் பின்னி அழவைப்பான்.

மூடியைக் கழற்றியதும் கறுத்த எண்ணெய் தட்டில் வழிந்தது. ஸ்பிரிங்குகளை எடுத்து, வட்ட வட்டமான பிளேட்டுகளை ஒவ்வொன்றாக உருவினான் ஆதிகேசவன். இரும்புப் பிளேட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. அவற்றைக் கவ்விப் பிடிக்க வேண்டிய மற்றவை தேய்ந்து கண்ணாடியாக மினுங்கின.

"பாரு. இப்பிடி மினுங்கினா எதைக் கவ்வும்? தேய்க்கணும். நீயும் உக்காரு."

பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் தேய்த்தார்கள். துடைக்கச் சுத்தமான துணி வேண்டும் என்று ஆதிகேசவன் கேட்டான். கொட்டகையில் இருந்ததெல்லாம் எண்ணெய் குடித்த கந்தல். வெள்ளையாக இருந்தது கேரியரில் புடவையைச் சுற்றியிருந்த துணி ஒன்றுதான். ஒரு நிமிடம் அதைப் பார்த்த குமாரவேலு, தோளிலிருந்த புதுச் சரிகைத் துண்டை எடுத்து இரண்டாகக் கிழித்தான். மச்சான் முறைக்கு மணவறையில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டிய துண்டு.

எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது ஒன்பது முப்பத்தைந்து. உதைத்ததும் கிக்கர் முட்டுக் கொடுத்தது. ஆதிகேசவன் கிளட்ச் லிவர் ஓரத்திலிருந்த கேபிள் திருகை நாலணா அளவுக்கு நிறுத்திவிட்டு, மண்ணெண்ணெய் டப்பாவில் கை கழுவப் போனான். கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த குமாரவேலுவின் கண் சாலையில் இருந்தது. இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும், அறுந்த இழையை முறுக்கி இணைப்பதுபோல, கேபிள் திருகை மெல்ல முறுக்கிக்கொண்டிருந்தன.

"கைய எடுய்யா!"

குமாரவேலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையைப் பார்த்தான். யாரோ ஒருவனுடைய கை மாதிரி இருந்தது.

"லொடலொடன்னு தொய்வா இருந்துச்சு..."

"தொய்வா இருக்கணும்யா! இழுத்துக் கட்டினா கிளட்ச் முழுசாக் கவ்வாது. எப்பவும் அரைகுறையாப் பிடிச்சிக்கினே கெடந்து தேயும். என் வேலையில கோளாறுன்னு வேற சொன்னியே, நெஞ்சில ஈவு இரக்கம் இருக்குதாயா உனக்கு?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை நாள் இந்த மனிதனைக் குறை சொன்னோமே, இன்றைக்குத் தங்கையின் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்ததும் நம் கைதானே என்று நினைத்தபடி குமாரவேலு இடது கையை மடியில் வைத்து வலது கையால் அமுக்கிக்கொண்டான்.

ஆதிகேசவன் திருகைப் பழைய அளவுக்கு விட்டான். ஒரு சணல் கயிற்றை எடுத்து அதைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டான். "தாலி கட்டியாச்சு. தொட்ட, கொலைதான். கெளம்பு!"

காவேரிப்பாக்கம் ஏரிக்கரை மேட்டில் லிவர் விரலுக்கடியில் லொடலொடவென்று ஆடியது. விரல்கள் அரித்தன. சணல் முடிச்சு ஒவ்வொரு தடவையும் விரலில் இடறியது. குமாரவேலு பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே விட்டான். வண்டி மேட்டை விழுங்கிக்கொண்டு ஏறியது.

பத்து இருபதுக்குக் கல்யாண வீட்டு வாசலில் மணியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "கை எண்ணெய்! யாராச்சும் பொட்டலத்த எடுங்க!" என்று கத்தினான் குமாரவேலு. நாலு பெண்கள் பாய்ந்து எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பத்து இருபத்தெட்டுக்குக் கெட்டிமேளம் கொட்டியது. மணவறைக்குப் பக்கத்தில், தோளில் துண்டில்லாமல், கறுத்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான் அவன்.

அவன் காலில் விழுந்து எழுந்த தையல்நாயகி, முந்தானையைக் கையில் பிடித்துப் பார்த்தாள். அண்ணனுக்குத் தொய்வு ஆகாதென்று அவளுக்குத் தெரியாதா?

"அண்ணா, இங்க ஒரு இழை தொய்ஞ்சிருக்குது."

அவன் கை முன்னால் வந்தது. பாதியில் நின்றது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இருக்கட்டும்மா," என்றான். "அதைத் தொட வேணாம்."