பெருக்கத்தைக் குறைத்தபோது கேட்ட குரல்

அது 2008 சித்திரை மாதம். அதற்கு ஒரு மாதம் முன்புதான் புதூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் ஆட்டுத் திருடர்கள் சோலைச்சாமியின் மகன் இசக்கிபாண்டியை வெட்டிப்போட்டுவிட்டு, நாற்பது உருப்படிகளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்கள் கையில் வாக்கிடாக்கி இருந்ததைத் தூரத்தில் நின்ற ஒருவர் பார்த்திருந்தார்.

அதைக் கேள்விப்பட்டிருந்த இசக்கிபாண்டியின் பெரியப்பா மகள் முத்துசெல்வி, கல்லூரியில் தான் செய்துகொண்டிருந்த ரேடியோ அட்டையையும் லேப்டாப்பையும், திருடர்களின் பேச்சை ஒட்டுக்கேட்பதற்காக, சித்திரை விடுமுறையில் ஊருக்குக் கொண்டுவந்தாள். அந்த அட்டையில் திருகக் குமிழ் கிடையாது. எந்த அலைவரிசையைப் பிடிக்க வேண்டும், வருகிற அலையை எத்தனை மடங்கு கூட்ட வேண்டும், அதாவது எவ்வளவு பெருக்கம் என்று லேப்டாப்பிலிருந்து எண்களை அனுப்பினால், அதிலிருந்த சிப் தன் மின்சுற்றுகளை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளும்.

அவள் வந்த மூன்றாம் நாள் மதியம், ஆட்டுக் கிடைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா மாயகிருஷ்ணன் ஓடைக்கு அந்தப்புறம் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். சோலைச்சாமியும் நாலைந்து பேரும் கண்மாய்க்கரையில் தயாராக இருந்தார்கள்.

முதலில் மெல்லிய குரல் கேட்டது. சொற்கள் பிடிபடவில்லை. அவள் எழுதிய நிரல் பெருக்கத்தைப் படிப்படியாகக் கூட்டியது. கொஞ்ச நேரத்தில் குரல் போய் வெறும் கரகரப்பு மிஞ்சியது. ஒயர் விட்டுவிட்டது என்று நினைத்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். அதிலேயே பத்து நிமிடம் போய்விட்டது.

பிறகுதான் உறைத்தது. நிரலுக்குப் பெருக்கத்தைக் கூட்ட மட்டுமே சொல்லிக்கொடுத்திருந்தாள், குறைக்கச் சொல்லித்தரவில்லை. பேசுகிறவன் பக்கத்தில் வந்துவிட்டதால், பலமாக வந்த அலையைத் தாங்காமல் அட்டை திணறியது. பெருக்கம் அறுபது என்றிருந்ததை அழித்துப் பன்னிரண்டு என்று அடித்தாள்.

"கெழவன் மட்டுந்தான் நிக்கான். வண்டிய ஓடைக்குக் கொண்டா," என்றது குரல், தெளிவாக.

செல்போனில் சித்தப்பா சோலைச்சாமிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடினாள்.

அப்பா மண்ணில் கிடந்தார். வலது கை மணிக்கட்டில் வெட்டுப்பட்டுத் தொங்கியது. அரிவாளோடு நின்றவன் அவள் பக்கம் திரும்பினான். கீழே கிடந்த, அப்பா கிளை வளைக்கும் தொரட்டிக் கம்பை எடுத்துச் சுழற்றினாள். கொக்கி அவன் தோளைக் கிழித்தது. இழுத்த இழுப்பில் விழுந்தான். அரிவாள் எகிறிப்போனது. கூட வந்தவன் லாரியைப் பார்த்து ஓடினான்.

சோலைச்சாமி வந்தபோது விழுந்தவன் முட்டிபோட்டுக் கும்பிட்டான். "விட்டுருங்க அண்ணாச்சி."

அவன் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கூப்பிட்டது. "சங்கரபாண்டி, எங்கன இருக்க? வண்டிய எடுக்கப் போறேன், வாலே. ஏலே, பேசுலே. அம்மைக்கு நான் என்னலே பதில் சொல்லுவேன்?"

சோலைச்சாமி அரிவாளை எடுத்தார்.

"சித்தப்பா, போதும். பிடிச்சுக் குடுத்துருவோம்," என்றாள் முத்துசெல்வி.

அவர் வெட்டினார். அவன் சாய்ந்த பிறகும் இரண்டு முறை வெட்டினார். அவள் முகமெல்லாம் ரத்தம் தெறித்தது.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் அப்பாவின் கையை எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் உறவுக்காரர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். "நீ தொரட்டியால அடிச்சதுலதான் செத்தான்னு சொல்லிரு தாயி. பொம்பளப்பிள்ள, உயிருக்குப் பயந்து அடிச்சிருச்சுன்னு விட்டுருவாவ."

அவள் சோலைச்சாமி முன்னால் போய் நின்றாள். "சித்தப்பா, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பாத்ததைத்தான் சொல்லுவேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து கையில் காய்ந்திருந்த ரத்தத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "அவன் அண்ணன் கூப்பிட்டது எனக்கும் கேட்டுச்சு, ஏட்டி. கேட்டுக்கிட்டேதான் வெட்டுனேன்," என்றார். எழுந்து, வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரிடம் அவரே நடந்து போனார்.

அவருக்கு ஏழு வருடம் ஜெயில் தண்டனை கிடைத்தது. சொந்தபந்தத்தில் பாதிப்பேர் முத்துசெல்வியோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவளோ மாதம் தவறாமல் அவரைப் பார்க்கப் பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போனாள். முதல் மூன்று மாதம் அவர் அவளைப் பார்க்க வெளியே வரவில்லை. நாலாவது மாதம் வந்து, கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று, "அப்பாவுக்குப் புண்ணு ஆறிட்டா?" என்று கேட்டார்.