மாதிரித் தகடு

அக்காவுக்கு நாளைக் காலைக்குள் தலைமுடிக்கு ஒரு நிறம் வேண்டும். கிடைக்காவிட்டால் கவுன்ட்டர் போய்விடும். மறுபடி கிடங்குதான்.

அழகு சாமான் கடையில் அவளுக்கு வேலை. நெடுநாள் கிடங்கில் பெட்டி பிரித்து, பெட்டி அடுக்கி, பெட்டிகளோடு பேசிக்கொண்டிருந்தவளை ஒருவழியாக மேலே கூப்பிட்டு ஹேர் கலர் கவுன்ட்டரில் நிற்க வைத்தார்கள். மேனேஜர் மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். விற்கிற நிறங்களில் ஒன்றை விற்கிறவள் தன் தலையில் போட்டிருக்க வேண்டும். கருப்பு சேர்த்தியில்லை. கருப்பு என்பது கலர் அல்ல, பயம் என்பது மேடத்தின் கொள்கை. திங்கட்கிழமை கருப்புத் தலையோடு வந்தால் நேராகப் படியிறங்கிக் கீழே போய்விடலாம்.

கிடங்கைப் பற்றி அக்கா அதிகம் சொன்னதில்லை. ஜன்னல் கிடையாது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் வேலை முடிந்து மேலே வந்தால் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீராம். மழை பெய்ததே தனக்குத் தெரியாது என்றாள். எதற்கெடுத்தாலும் அவளைக் கிண்டல் செய்கிற நான் அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு காலையிலிருந்து வீட்டில் ஒருவரும் நிம்மதியாக உட்காரவில்லை. எல்லா நாற்காலியிலும் அக்காவே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். கையில் கடையிலிருந்து கொண்டுவந்த ஷேட் கார்டு. வரிசையாகச் சின்னச் சின்ன முடிக்கற்றைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த நிறம் போட்ட பெண்ணின் முகம். எல்லாப் பெண்களும் மாவு டப்பாவுக்குள் பிறந்து வளர்ந்தவர்கள்போல் இருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒருத்தி மட்டும் கொஞ்சம் கருத்திருந்தாள்.

"அது அச்சுல ஏதோ கோளாறு" என்றாள் அம்மா.

நாங்கள் மாநிறம். உண்மையில் மாநிறம் என்பது நிறமல்ல, கூட்டணி. வெளுத்தவர்கள் அடக்கத்தினாலும் கருத்தவர்கள் ஆசையினாலும் அதில் வந்து சேர்ந்துகொள்வார்கள். அக்காவும் நானும் அப்படிச் சேர்ந்தவர்கள் அல்ல. வெயிலில் காய்ந்த செங்கல்லுக்கும் பால் கொஞ்சம் குறைந்த டீக்கும் நடுவில், இரண்டு பேரும் ஒரே அச்சு. பக்கத்தில் பக்கத்தில் கையை வைத்தால் எது யார் கை என்று மோதிரத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

"மணிக்கட்டு நரம்பைப் பாக்கணும்" என்றாள் அக்கா. கம்பெனிக்காரன் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததாம். "பச்சையா தெரிஞ்சா செம்பு, தங்கம், அந்த மாதிரி போடலாம். நீலமா தெரிஞ்சா சாம்பல், ஒயின் கலர்."

நால்வரும் ஜன்னலோரம் போய்க் கையைத் திருப்பினோம். அப்பாவுக்கு நரம்பே தெரியவில்லை.

"உங்களுக்குக் கோவம் வந்தா நெத்தியில தெரியும். அப்ப பாத்துக்கலாம்" என்றாள் அம்மா.

"டேய், என்னோடது பச்சையா நீலமா? சொல்லித் தொலை."

"மயில் கழுத்து" என்றேன். ஷேட் கார்டு என் மண்டையில் விழுந்தது.

அம்மாவுக்கு நரம்பில் நம்பிக்கையில்லை. "எதைப் போட்டாலும் முகம் எடுப்பா தெரியணும்" என்றாள். எடுப்பு என்றால் வெளுப்பு. அந்த அகராதி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"வெள்ளையா தெரியறதுக்கு இல்லம்மா. மூஞ்சி தூங்கி எழுந்த மாதிரி இல்லாம, முழிச்சிட்டிருக்கிற மாதிரி இருக்கணும். அவ்வளவுதான்." சொல்லிக்கொண்டே அக்கா எழுந்து, மின்விசிறியை நிறுத்தி, மறுபடி போட்டு, வேறு நாற்காலிக்குப் போனாள்.

அதுவரை சும்மா இருந்த அப்பா தொண்டையைச் செருமினார். அவர் வண்டிப் பட்டறையில் பெயின்ட் கலக்குகிறவர். இடித்து நசுங்கிய காருக்கு, எங்கே இடித்தது என்று ஓனரே தேடும்படி நிறம் சேர்ப்பார்.

"அட்டையைப் பாத்து வண்டிக்குப் பெயின்ட் அடிச்சா ஓனர் என்னை அடிப்பான். முதல்ல ஒரு தகட்டுல அடிக்கணும். காயவிடணும். வெயில்ல வச்சுப் பாக்கணும். அப்புறம்தான் வண்டி."

"தகட்டுக்கு எங்கப்பா போறது?"

கேட்டு முடிப்பதற்குள் மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாளைக்கு எனக்குக் காலேஜ் இருக்கு" என்றேன்.

"காலேஜ் இருக்கும்டா. நீ என்னைக்கு அங்க இருந்திருக்க?" என்றாள் அம்மா.

இப்படியாக நான் தகடானேன். பழைய பெட்ஷீட்டைக் கழுத்தில் கட்டி என்னைக் குளியலறை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அக்கா தலையில் நான்கு பட்டை பிரித்து, நான்கு கலவையைப் பூசி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றினாள். அம்மோனியா நெடியில் என் கண்ணில் தண்ணீர் வந்தது. பிள்ளை குடும்பத்துக்காக உருகுகிறான் என்று அம்மா நினைத்திருக்கலாம்.

அலசியதும் மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பா என் தாடையைப் பிடித்து, கார்க் கதவைத் திருப்புவதுபோல வெயிலுக்குத் திருப்பினார்.

சாம்பல் பழுப்பு முதலில் அடிபட்டது. "பையன் மூஞ்சியில ரத்தமே இல்ல. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஓடி வந்த மாதிரி இருக்கான்" என்றாள் அம்மா. தேன் நிறத்தில் நெற்றி எங்கே முடிகிறது, முடி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தலை மொத்தமும் ஒரே நெற்றி. ஒயின் கலர் நிழலில் ராஜா மாதிரி இருந்தது, வெயிலுக்கு வந்ததும் அடிவாங்கிய ராஜா. நான்காவது செம்புப் பழுப்பு. அப்பா அதைக் காதுப் பக்கமாக இழுத்து, கன்னத்தின்மேல் வைத்து, ஓரடி பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"இதான். பாடிக்குள்ள இருக்கிற கலரையே வெளிய எடுத்த மாதிரி இருக்கு."

எனக்கே கண்ணாடியில் ஒரு திகைப்பு. இத்தனை வருடம் அழுக்கு என்று நினைத்திருந்த என் முகம், உள்ளே விளக்கு போட்டதுபோல இருந்தது. சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது, முழுப் பேனலும், அதாவது என் தலை முழுக்க, அடித்துப் பார்த்துவிட வேண்டும் என்றார் அப்பா. அடித்தார்கள். சாயங்காலத்துக்குள் நான் அநியாயத்துக்கு அழகாகிவிட்டேன்.

"சரி, இப்ப வண்டி" என்றார் அப்பா.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா குழாயைப் பார்த்தாள்.

"அவனுக்கு வந்தது எனக்கும் வரும். ஒரே முடிதானே" என்று சுவரிடம் சொல்லிவிட்டு அக்கா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவும் உள்ளே போனாள். அப்பா ஹாலில் நடந்தார். நான் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடந்தேன். தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. உள்ளே யாரும் எதுவும் பேசவில்லை. அம்மா இருக்கிற அறையில் பேச்சுச் சத்தம் இல்லையென்றால் விஷயம் பெரியது.

கதவு திறந்தது.

வகிட்டின் இரண்டு பக்கமும் விரற்கடை அகலத்துக்குப் பளீரென்று ஆரஞ்சு. தெருவிளக்கு ஆரஞ்சு. அதற்குக் கீழே இடுப்புவரை பழைய கருப்பு, நம்மை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்பதுபோல அப்படியே இருந்தது. எரிகிற வீட்டின் கூரையை மட்டும் அவள் தலையில் தூக்கிக்கொண்டு வந்ததுபோல் இருந்தாள்.

சிரிப்பு என் தொண்டைவரை வந்தது. அக்காவின் கண்ணைப் பார்த்ததும் அது வந்த வழியே திரும்பிப் போனது.

அப்பா கிட்டே போனார். ஆரஞ்சும் கருப்பும் சேருகிற இடத்தில் நகத்தால் முடியைப் பிரித்து, குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் பட்டறைக் குரலாக இருந்தது.

"இதுல ஏற்கெனவே ஒரு கோட் இருக்கு."



"காலேஜ் படிக்கும்போதே அவளுக்கு நரைச்சிருச்சுங்க" என்றாள் அம்மா. "மாசாமாசம் நான்தான் டை போட்டுவிடறேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எங்க சொல்றது? நீங்கதான் போற வர்ற ஆளையெல்லாம் நிறுத்தி, எம்பொண்ணு முடி கம்பெனி பெயின்ட்டு, கை வைக்காத பெயின்ட்டுன்னு பெருமை பேசிட்டிருந்தீங்களே."

அப்பா உட்கார்ந்தார். "பழைய பெயின்ட்டை எடுக்காம மேல அடிச்சா ஏறாதுன்னு இந்த வீட்ல தெரிஞ்ச ஒரே ஆளு நான். என்கிட்டயேவா மறைக்கணும்?"

"கருப்பு மேல எதுவும் ஏறும்னு நினைச்சிட்டேன்பா" என்றாள் அக்கா. "ஏறலைன்னாலும் கொஞ்சமாவது ஏறும்னு..." அவள் முடிக்கவில்லை. பால்கனிக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

பழைய சாயத்தை உருவி எடுக்கிற மருந்து அவள் கடையிலேயே இருக்கிறது. கடை ஞாயிறு லீவு. அப்பாவுக்குத் தெரிந்த வழி உப்புத்தாள்தான், அதை அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா வழக்கமான கருப்பு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"பேசாம இதை மேல பூசிடு. விடிஞ்சா யாருக்கும் தெரியாது."

"பூசினா கிடங்கும்மா."

அந்த டப்பா சாப்பாட்டு நேரம் முழுக்க மேசைமேலேயே இருந்தது. ஆளாளுக்கு அதைச் சுற்றிக்கொண்டு தட்டை வைத்தோம்.

காலையில் அக்கா தலையில் ஒரு ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் போர்வையை உருவினாள். "கிளம்புடா தகடு. நீதான் சாம்பிள்."

கடையில் மேனேஜர் மேடம் என் தலையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "அட, பிரமாதமா இருக்கே. மாநிறத்துக்கு இவ்வளவு எடுப்பா நம்ம ஷேட்டா?"

"நான்தான் மேடம் போட்டுவிட்டேன். என் தம்பி" என்றாள் அக்கா.

"சரி, உன் தலை?"

அக்கா ஸ்கார்ஃபைத் தொட்டாள். அவிழ்க்கவில்லை.

"நான் விக்கிறவ தலையில இருக்கணும்னுதானே சொன்னேன்? குடும்பத்துல யாராவது ஒருத்தர் தலையிலன்னா சொன்னேன்?" என்றார் மேடம். "மத்தியானத்துக்குள்ள அந்தத் துணியை அவுக்கணும். உள்ள கருப்பு இருந்தா அப்படியே கீழ போயிடு."

என்னைக் கவுன்ட்டர் முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். பொம்மை என்று நினைத்து ஒரு குழந்தை முழங்காலில் குத்தியது. அக்கா பாட்டில்களை உயரப்படி அடுக்கினாள், பிறகு நிறப்படி, பிறகு மறுபடி உயரப்படி. கீழே போகிற படிக்கட்டின் கதவு கவுன்ட்டருக்கு நேர் எதிரில் இருந்தது. அதைப் பார்க்காமல் இருப்பதற்கே அவளுக்குப் பாதி உழைப்பு போயிற்று.

அப்போதுதான் பஸ் கண்டக்டர் அம்மா வந்தார். காக்கிச் சீருடை, தோளில் பை, தலையில் தொப்பி. எங்கள் மாநிறக் கூட்டணியின் இன்னொரு அசல் உறுப்பினர்.

"ஏம்மா, இந்தப் பையன் தலையில இருக்கிறது எனக்கு வருமா?"

"உங்க முகத்துக்கு நல்லா வரும்கா" என்றாள் அக்கா. பாட்டிலை எடுத்தவள் கையிலேயே வைத்துக்கொண்டாள். "இப்ப முடியில என்ன போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் போடலையே. இயற்கைதான்."

தொப்பிக்குக் கீழே காதோரம் தெரிந்த முடியை அக்கா பார்த்தாள். இயற்கை இத்தனை கருப்பாக இருப்பதில்லை என்று இப்போது எனக்கே தெரியும். மேடம் இரண்டு அலமாரி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலைக் கொடுத்தால் முதல் விற்பனை. அக்கா ஒருமுறை பாட்டிலைப் பார்த்தாள், ஒருமுறை மேடத்தைப் பார்த்தாள், பிறகு பாட்டிலை அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

"நானும் எங்க வீட்ல அப்படித்தான்கா சொல்லிட்டிருந்தேன்" என்று சொல்லி ஸ்கார்ஃபை அவிழ்த்தாள்.

கண்டக்டர் அம்மா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பஸ்ஸின் கடைசி சீட்வரை கேட்கும்படி சிரித்தார். கடையே திரும்பியது. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்ட குரலில் சொன்னார்: "எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது தாயி."

"கருப்பு மேல இது ஏறாதுக்கா. வேர்ல மட்டும் இப்படிப் பத்திக்கும். முதல்ல பழைய சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். அதுக்கு ஒரு மருந்து இருக்கு. அப்புறம் வாங்க, செம்பு போடலாம். இன்னைக்கு இதை வாங்காதீங்க."

வாங்காதீங்க என்ற சொல் மேடத்தின் காதில் விழுந்ததை நான் பார்த்தேன். அவர் வந்து அக்காவின் வகிட்டை முன்னும் பின்னும் பார்த்தார். அக்கா கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நம்ம ஷேட்டா?"

"ஆமா மேடம். செம்புப் பழுப்பு. வேர் மட்டும்."

"பாக்கச் சகிக்கல."

"ஆமா மேடம்."

"எம்மா, அந்த மருந்தைக் குடு" என்றார் கண்டக்டர் அம்மா நடுவில் புகுந்து. பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு என்னைக்கெல்லாம் இங்க இருக்கும்? எனக்கு இதுதான் வேணும். இதுக்கு முன்னாடி ரெண்டு கடையில கேட்டேன், ஒருத்தியும் தலையில என்ன போட்டிருக்கேன்னு கேக்கல."

மேடம் இன்னும் ஓரடி கிட்டே வந்தார். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் மாநிறமான அக்காவின் நெற்றியை, கன்னத்தை, வேர்த்திருந்த மூக்கு நுனியைப் பார்த்தார்.

"தினமும் இருப்பா" என்றார். அக்காவிடம் திரும்பி, "அந்த மருந்துல ஒரு பாட்டில் நீயும் எடுத்துக்க. கீழ்ப்பாதியையும் கலராக்கு. அதுவரைக்கும் கட்டாத, இப்படியே நில்லு. கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்லு" என்றார். போகிற வழியில் தன் கொண்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதுவும் நல்ல கருப்பு.

"அக்கா, நான் கிளம்பட்டுமா?" என்றேன்.

"உக்காருடா" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

ஏனென்றால் அலமாரிக்குப் பின்னால் இவ்வளவு நேரமும் ஷாம்பூ பார்ப்பதுபோல் நின்றிருந்த ஒரு பெண், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெல்ல முன்னால் வந்துகொண்டிருந்தார்.

"எனக்கு நிஜமாவே இயற்கைதாங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

"சரிங்க" என்று அக்கா அவருக்கு இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.