டெஸ்ட் ஆர்டர்

மாதா கோயிலில் சாவு மணி அடித்து ஓய்வதற்குள் எங்கள் கடைக்கு போன் வந்துவிடும். செத்தவரின் உயரத்தைச் சொல்வார்கள், தச்சர் பரசுராமன் அண்ணன் பலகையை அறுக்க ஆரம்பித்துவிடுவார். யார், எப்படி என்றெல்லாம் கேட்கமாட்டார். தயாராக ஒரு சவப்பெட்டிகூடக் கடையில் வைப்பதில்லை. காலிப் பெட்டி ஆளைத் தேடும் என்று ராயபுரத்தில் ஒரு பயம். இப்படிச் சிவனே என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்கு முதலாளி சாவியோ அண்ணன் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். கைப்பிடியும் சாட்டின் துணியும் எங்கே மாயமாகின்றன என்று அது கண்டுபிடித்துச் சொல்லுமாம். கடைக்குக் கணக்கு பார்க்கிறவள் நான் ஒருத்திதான், அதனால் அதை நிரப்பும் வேலையும் என் தலையில் விழுந்தது.

முதலில் பி.ஓ.எம். போட வேண்டுமாம். அதாவது ஒரு பெட்டி செய்ய என்னென்ன சாமான், எவ்வளவு என்ற பட்டியல். போனில் பயிற்சி கொடுத்த பெண், "உங்க ஸ்டாண்டர்ட் சைஸ் என்ன மேடம்?" என்றாள்.

"செத்தவங்க சைஸ்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் நானும் இல்லை.

என் கணவர் பென்னிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டியவர், நின்றால் வாசற்படி அடைபடும், அப்படி ஓர் உடம்பு. போன மாதம் டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். இதயமும் தளர்ந்துவிட்டது, அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்றார். நான் உள்ளே வந்து, "மாத்திரை மாத்தி குத்துக்கீறாரு, தேறிடுவேன்றாரு" என்று பென்னியிடம் சொன்னேன். அன்றிலிருந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றுவது எனக்கு இன்னொரு வேலை. விஷயம் தெரிந்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார். அவர் பிடிவாதத்தோடுதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

இந்த வெயிலில் அவர் சட்டை மேல் சட்டை போடுகிறார். குளிர்கிறதாம். ஷேர் ஆட்டோவில் இடம் பற்றாது, அவர் முதுகைச் சுற்றிக் கை போட்டுத்தான் உட்காருவேன். முன்பெல்லாம் என் கை பாதி முதுகில் நின்றுவிடும். இப்போது அந்தப் பக்கத்துத் தோளைத் தொடுகிறது. நான் ஒன்றும் கேட்டுக்கொள்வதில்லை.

பகலெல்லாம் பட்டியல்தான். பலகை நீளத்துக்குத் தக்கபடி மாற வேண்டும், துணி நீளம் அகலம் இரண்டுக்கும் தக்கபடி மாற வேண்டும். கைப்பிடி மட்டும் ஆள் நெட்டையோ குட்டையோ ஆறுதான். இதை அந்த சாஃப்ட்வேருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. ஆறடிக்காரருக்குச் சரியாக வரும். உயரத்தைக் குறைத்தால் கைப்பிடி ஐந்தரை என்று காட்டும். அந்த அரைக் கைப்பிடியை யார் பிடித்துத் தூக்குவது?

சனிக்கிழமை சாயங்காலம் ஒருவழியாக முடித்தேன். "ஒரு டெஸ்ட் ஆர்டர் போட்டுப் பாருங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். வாடிக்கையாளர் பெயர் கேட்டது, என் பெயரைப் போட்டேன். உயரம் கேட்டது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஆண் உயரம் ஒன்றுதான், ஐந்தடி எட்டு அங்குலம். தோள் அகலத்தில் தானாகவே இருபத்திரண்டு என்று நின்றது. அதை அழித்துவிட்டுப் பதினேழு போட்டேன். துணி குறைகிறதா என்று பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பலகை குறைந்தது, துணி குறைந்தது, கைப்பிடி ஆறாகவே நின்றது. அப்பாடா என்று 'கன்ஃபர்ம்' பட்டனை அழுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

கன்ஃபர்ம் ஆன ஆர்டர், பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கும் டேப்லெட்டுக்குத் தானாகவே போய்விடுமாம். அந்தப் பெண் சொல்லித்தான் இருப்பாள். நான்தான் அசதியில் வெறுமனே உம் கொட்டியிருப்பேன்.

மறுநாள் பூசைக்குப் போய் வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பென்னி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அரை டம்ளர் டீயை இழுத்து இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவ்வளவுதான் அனுமதி. சந்துக்குள் குட்டியானை லோடு வண்டி ரிவர்ஸில் வருகிற சத்தம் கேட்டது.

"மாலை யாருக்கு சாவியோ?" என்று பென்னி கேட்பது காதில் விழுந்தது. வெளியே வந்து பார்த்தேன். சாவியோ அண்ணன் ரோஜா மாலையோடு, வீங்கிய கண்ணோடு நிற்கிறார். பக்கத்தில் பரசுராமன் அண்ணன், தலையெல்லாம் மரத்தூள். வண்டியில் ஒரு பெட்டி. வேண்டியவர்களுக்கு என்று சாவியோ அண்ணன் பரணில் போட்டு வைத்திருந்த தேக்கில் செய்தது.

"அடப்பாவி, நீ உயிரோட கீறியா!" என்றார் சாவியோ அண்ணன்.

"டேப்லெட்ல டோரதி பேரு வந்துச்சி, அளவு வந்துச்சி" என்றார் பரசுராமன் அண்ணன். "பாவம், வாயால சொல்ல முடியாம கம்ப்யூட்டர்ல போட்டுகீதுன்னு நெனச்சிகினோம். சாவு வூட்டுக்கு போன் போட்டு இன்னான்னு கேக்கறது? ராவெல்லாம் இழைச்சோம்மா."

"ஐயோ, அது சும்மா டெஸ்ட்டுண்ணே!"

சந்தே சிரித்தது. சாவியோ அண்ணன் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

பென்னி எழுந்து வண்டியருகே போனார். பெட்டியின் தோள் பக்கத்தில் சாண் போட்டு அளந்தார். இரண்டு சாணுக்குள் முடிந்துவிட்டது. பிறகு தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒசரம் உனக்குத் தெரியும், சரி. அகலம் யாரு சொன்னது டோரதி?"

நான் கையில் ஒட்டியிருந்த மீன் செதிளைச் சுரண்டினேன்.

"டாக்டரு மெய்யாலும் இன்னா சொன்னாரு?"

மாத்திரை என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. ஒரு மாதமாகச் சுமந்ததில் எனக்குத் தெம்பு போய்விட்டது. "வர்ற மழைய தாண்டறது கஷ்டம்னாரு" என்று சொல்லிவிட்டு, மீன் கையோடு நின்று அழுதேன்.

பென்னி சாவியோ அண்ணனிடம் திரும்பினார். "எடுத்துகினு போய் பரண்ல வை. யாரு கேட்டாலும் குத்துடாத."

"ரெடியா பெட்டி வெச்சிக்கிற பழக்கம் நம்மகிட்ட இல்லியே பென்னி."

"இது ரெடிமேடா? ஆர்டர் குத்து செஞ்சது."

வண்டி போய்விட்டது. நாளைக்கு டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்று சொல்லப்போகிறார், எப்படிக் காலில் விழுந்து கெஞ்சுவது என்று பயந்துகொண்டே நின்றேன். அவர் மேல்சட்டையின் பட்டன்களை மெதுவாக அவிழ்த்தார். உள்சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்து விலாவோடு ஒட்டியிருந்தது. இத்தனை நாளும் அவருக்குக் குளிரவே இல்லை.

கழற்றிய சட்டையை என் தோளில் போட்டார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு சட்ட போதும்" என்றார்.